சாசிஸ் கம்ப்யூட்டர் எங்கே தொடங்கியது? ஆல்டேரா, அதற்கும் முன்னாலா?

#1 நிழல்நினைவகம் | திங்கள், காலை 9:14

எங்கள் டேட்டா சென்டரில் பழைய பிளேடு சாசிஸ்களை (மெல்லிய சர்வர் கார்டுகளைச் செருகும் பெட்டிகள்) எல்லாம் கழற்றி வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். அதையொட்டி டீமில் ஒரு சண்டை. ஒரு பெட்டி, ஒரு பவர் சப்ளை, வேண்டிய கார்டை வேண்டியபோது செருகிக்கொள்ளலாம் என்கிற யோசனையே 2001ல் ஆர்எல்எக்ஸ் கம்பெனியோடு வந்தது என்கிறான் ஒரு பையன். இன்னொருவர் 1975, ஆல்டேர் என்ற கம்ப்யூட்டர் கிட் என்று அடித்துச் சொல்கிறார். இரண்டுமே எனக்கு நம்பிக்கையாக இல்லை. இங்கே பழைய மெஷின்களைத் தொட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறீர்கள். கொஞ்சம் விளக்கமாக எழுதுங்களேன்.

#2 பிட்டுக்குப்பிட்டு | திங்கள், காலை 9:31

ஆல்டேர் 8800. முடிந்தது. இழையைப் பூட்டிவிடலாம் :)

#3 வெற்றிடக்குழல் | திங்கள், காலை 11:02

பூட்டவேண்டாம். 1975க்கு இருபத்தேழு வருஷம் பின்னால் போகவேண்டும்.

1948ல் ஐபிஎம் 604 என்று ஒரு கணக்கு மெஷின் வந்தது. துளையட்டையைப் படித்து, கூட்டிப் பெருக்கி, விடையை அதே அட்டையில் துளைத்துத் தரும். உள்ளே ஆயிரத்துக்கும் மேல் வால்வு (வெற்றிடக் குழல்). வால்வு என்றால் சாகும், அதுதான் அதன் பிழைப்பு. அதற்கு முன் வந்த மெஷின்களில் வால்வுகள் ஒரு பெரிய தகட்டில் வரிசையாக உட்கார்ந்திருக்கும்; ரெசிஸ்டர், கெபாசிட்டர் எல்லாம் தகட்டுக்கு அடியில் காடு மாதிரி சோல்டர் ஆகியிருக்கும். ரால்ஃப் பாமரின் குழு அதை மாற்றியது. ஒரு வால்வு, அதற்கு வேண்டிய சில்லறைப் பாகங்கள், இவ்வளவையும் சேர்த்து ஒரு சின்னச் செருகு அலகாக ஆக்கினார்கள். மெஷின் நின்றால் சர்வீஸ்காரர் அந்த அலகைப் பிடுங்கிவிட்டு வேறொன்றைச் செருகிவிட்டுப் போகலாம். அந்த மெஷின் ஆயிரக்கணக்கில் ஓடியதற்கு இந்த வசதியும் ஒரு காரணம்.

டிரான்சிஸ்டர் வந்ததும் அதே யோசனை எஸ்எம்எஸ் கார்டு ஆனது. (செல்போன் எஸ்எம்எஸ் இல்லை ஐயா, ஐபிஎம்மின் ஸ்டாண்டர்ட் மாடுலர் சிஸ்டம்.) உள்ளங்கை அளவுக் கார்டு, ஓரத்தில் 16 தங்கமுலாம் பூசிய தொடுமுனைகள். 1959ல் வந்த 1401 முழுக்க இந்தக் கார்டுகள்தான். கொஞ்சம் வகைகளே போதும், அவற்றையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தவர்கள், கடைசியில் 2,500 வகைக்கும் மேல் செய்து வைத்தார்கள். 'ஸ்டாண்டர்ட்' என்று பெயர் வைத்தவரைத் தேடிப்பிடித்துக் கேட்கவேண்டும்.

#4 பிட்டுக்குப்பிட்டு | திங்கள், காலை 11:20

//வால்வைப் பிடுங்கி வேறு செருகலாம்//

இது ரிப்பேர் வசதி. இதையெல்லாம் மாடுலர் கம்ப்யூட்டர் என்று சொன்னால் என் வீட்டு மிக்சியும் மாடுலர்தான். வாங்கினவன் தன் இஷ்டத்துக்கு வேறொரு கார்டை வாங்கிப் போட முடிந்ததா? அதுதானே கேள்வி?

#5 மேனார்டு_மில் | திங்கள், மதியம் 1:45

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல டெக் கம்பெனியைப் பேசாமல் முடியாது.

1957ல் கென் ஓல்சனும் ஹார்லன் ஆண்டர்சனும் மாசசூசெட்ஸ் மாநிலம் மேனார்டில் ஒரு பழைய கம்பளி மில்லில் கடை போட்டார்கள். முதலீடு 70,000 டாலர், கொடுத்தது ஜார்ஜ் டோரியோவின் நிறுவனம். அன்றைக்குக் கம்ப்யூட்டர் செய்கிறேன் என்றாலே பணக்காரர்கள் ஓடுவார்கள். அதில் காசு பார்த்தவர்கள் அபூர்வம். ஆகவே கம்ப்யூட்டர் என்ற பேச்சையே எடுக்காமல் லாஜிக் மாட்யூல் விற்றார்கள். ஃபிளிப்-ஃபிளாப் ஒரு பெட்டி, கேட் ஒரு பெட்டி. ஆய்வுக்கூடக்காரர்கள் வாங்கி, முன்பக்கம் பனானா பிளக் வயர்களால் இணைத்துக்கொள்வார்கள். ரேக்கில் நிரந்தரமாகச் செருகுவதற்கு 22 பின் வைத்த இன்னொரு வகை. அந்த இரண்டாவது வகையை ஒன்றாகச் செருகி அடுக்கியபோது கிடைத்ததுதான் டெக்கின் முதல் கம்ப்யூட்டர், பிடிபி-1.

அப்படியானால் டெக் பார்வையில் மாட்யூல் முதலில் வந்தது, கம்ப்யூட்டர் பிறகு வந்தது. ஐபிஎம் கதைக்கு நேர் தலைகீழ்.

ஆனால் பிட்டுக்குப்பிட்டு கேட்ட சுதந்திரம் அப்போதும் வரவில்லை. 1965ன் முதல் பிடிபி-8ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் கெட்டியான வயர்-ரேப் (சோல்டர் இல்லாமல் பின்னில் வயரைச் சுற்றுவது) வலை, அதையும் மெஷின் வைத்துச் சுற்றினார்கள். ஒவ்வொரு ஸ்லாட்டும் ஒரு குறிப்பிட்ட கார்டுக்காகவே வயர் போடப்பட்டது. கார்டு மாறிப் போட்டால் ஒன்று ஓடாது, இல்லை புகையும். புதிதாக ஒரு கன்ட்ரோலர் சேர்க்கவேண்டுமென்றால் வயரும் சேர்க்கவேண்டும்.

1970ல்தான் திருப்பம். பிடிபி-8/இ மெஷினில் ஆம்னிபஸ் என்ற பஸ், அதாவது எல்லாக் கார்டுக்கும் பொதுவான கம்பித்தொகுப்பு, வந்தது. பேக்பிளேனில் (கார்டுகள் செருகும் பின்பலகை) எல்லா ஸ்லாட்டிலும் ஒரே 144 பின், ஒவ்வொரு பின்னும் எல்லா ஸ்லாட்டிலும் ஒரே சிக்னல். வயர்-ரேப் போய் அச்சடித்த போர்டு. பெரும்பாலும் எந்தக் கார்டையும் எங்கேயும் செருகலாம். அதே வருஷம் பிடிபி-11ம் யூனிபஸ்ஸும் வந்தன. 56 சிக்னல் கம்பி. சிபியு, மெமரி, டிஸ்க், டெலிடைப் எல்லாமே அதே கம்பிகளில். டிஸ்க்கின் ரெஜிஸ்டர்கூட ஒரு மெமரி முகவரிதான், அதற்கென்று தனி இன்புட்-அவுட்புட் கட்டளை கிடையாது. கடிகாரமும் கிடையாது. கேட்பவர் ஒரு கம்பியை இழுப்பார், பதில் சொல்பவர் இன்னொன்றை இழுப்பார், அவ்வளவுதான். அதனால் மெதுவான மெமரியும் வேகமான மெமரியும் ஒரே பெட்டியில் குடித்தனம் நடத்தின. பின்னால் வந்த எத்தனையோ பஸ்களில் இந்த அழகு கிடையாது என்பது என் கட்சி.

#6 ஓய்வுபெற்ற_ஸ்பேனர் | திங்கள், இரவு 8:10

மேனார்டு சார் யூனிபஸ்ஸை ரொம்பப் புகழ்கிறார். அதைக் கையால் தொட்டுச் சம்பளம் வாங்கினவன் என்ற முறையில் கொஞ்சம் உப்பு போடுகிறேன்.

"எந்தக் கார்டையும் எங்கும் செருகலாம்" என்பது யூனிபஸ்ஸில் பாதி உண்மை. முகவரி, டேட்டா கம்பிகள் எல்லா ஸ்லாட்டுக்கும் பொதுதான். ஆனால் பஸ்ஸைப் பிடித்துக்கொள்ள அனுமதி தரும் கிராண்ட் கம்பிகள் பொது கிடையாது. அவை ஒரு கார்டுக்குள் நுழைந்து, அது "எனக்கு வேண்டாம்" என்று விட்டால்தான் அடுத்த கார்டுக்குப் போகும். சிபியுவுக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு முதல் மரியாதை. நடுவில் ஒரு ஸ்லாட் காலியாக இருந்தால்? சங்கிலி அறுந்தது. அதற்கு அப்புறம் உள்ள கார்டு எதற்கும் இன்டரப்ட் போகாது.

அதற்காகக் காலி ஸ்லாட்டில் ஜி727 என்று ஒரு குட்டிக் கார்டு செருகவேண்டும். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. வேலை ஒன்றே ஒன்று: வந்ததை அப்படியே அடுத்தவருக்குக் கடத்துவது. இரண்டு பெரிய கார்டுகளுக்கு நடுவே ஆழத்தில் இருக்கும் அதைப் பிடுங்கக் கையை விட்டால், பக்கத்துக் கார்டின் சோல்டர் முனைகள் விரல் கணுவைக் கீறிவிடும். அமெரிக்காவில் இதற்குக் கணு உடைப்பான் என்றே பட்டப்பெயர். பிறகு கைப்பிடி வைத்துப் பெரிய கார்டாக விட்டார்கள்.

அதோடு முடியவில்லை. டிஎம்ஏ கார்டு (சிபியு உதவியில்லாமல் நேராக மெமரியைத் தொடுவது) போடுகிற ஸ்லாட்டில், பேக்பிளேனின் பின்பக்கம் சிஏ1, சிபி1 என்ற இரண்டு பின்களுக்கு நடுவே ஒரு சின்ன வயர் இருக்கும். கார்டு போடும்போது அதைக் கழற்றணும். கார்டை எடுத்தால் திரும்பச் சுற்றணும். எவனோ ஒருத்தன் கார்டை எடுத்துவிட்டு வயரைச் சுற்றாமல் போயிருப்பான். டிஸ்க் கன்ட்ரோலர் செத்துவிட்டது என்று நம்மைக் கூப்பிடுவார்கள். நான் பார்த்த ஆய்வுக்கூடம் ஒன்றில் இதே காரணத்துக்காகப் புதுக் கன்ட்ரோலருக்கே ஆர்டர் போட்டுவிட்டார்கள். பெயர் வேண்டாம்.

#7 பிட்டுக்குப்பிட்டு | திங்கள், இரவு 8:52

ஸ்பேனர் அண்ணே, பிரமாதம். ஆனால் பாருங்கள், அந்தக் காலி ஸ்லாட்டில் டெக் அல்லாத கம்பெனி கார்டு போட முடிந்ததா?

#8 ஓய்வுபெற்ற_ஸ்பேனர் | திங்கள், இரவு 9:05

போட்டோம் தம்பி. வெளியாள் மெமரி கார்டுகள் நிறையவே வந்தன. பஸ்ஸின் முழு விவரத்தையும் டெக்கே கைப்புத்தகத்தில் அச்சடித்துக் கொடுத்தது. சொந்தமாக இன்டர்ஃபேஸ் செய்துகொள்ள வெற்றுக் கார்டும் விற்றது. பேட்டன்ட் அவர்கள் கையில் இருந்ததென்னவோ நிஜம். 1980களில் வாக்ஸ்பிஐ என்று புது பஸ் கொண்டுவந்தபோது அந்தப் பழைய தாராளத்தைச் சுருட்டி வைத்துக்கொண்டார்கள்: பஸ்ஸோடு பேசும் சிப் வேண்டுமென்றால் லைசென்ஸ் வாங்கவேண்டும்.

#9 அல்புகர்க்கி | செவ்வாய், காலை 7:30

சரி, ஆல்டேருக்கு வக்கீலாக நான் வருகிறேன். அது முதலில் வந்தது என்பதற்காக இல்லை. அது தெரியாமல் திறந்த கதவு என்பதால்தான் முக்கியம்.

நியூ மெக்சிகோவின் அல்புகர்க்கியில் எம்ஐடிஎஸ் கம்பெனி. கால்குலேட்டர் விலைப்போரில் அடிபட்டுக் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. எட் ராபர்ட்சும் பில் யேட்சும் ஒரு கம்ப்யூட்டர் கிட் செய்தார்கள். ஒரே ஒரு மாதிரி மெஷினைப் பத்திரிகைக்காக நியூயார்க்குக்கு அனுப்பினார்கள். ரயில்வே பார்சலில் அது தொலைந்தே போனது. 1975 ஜனவரி பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் அட்டையில் நாம் பார்ப்பது சுவிட்சும் விளக்கும் மட்டும் வைத்த வெற்றுப் பெட்டி. பிறகு விற்பனைக்கு வந்த மெஷினின் உள்ளமைப்பு அந்த மாதிரியைப் போல இருக்கவில்லை. அதில்தான் 100 பின் பேக்பிளேன் வந்தது.

ஏன் 100? ஆராய்ச்சி எல்லாம் இல்லை. 100 பின் கனெக்டர் ஒரு லாட் மலிவாகக் கிடைத்தது, வாங்கிப் போட்டார்கள். எந்தப் பின்னில் எந்த சிக்னல் என்பதிலும் பெரிய திட்டம் தெரியாது. அதன் சிபியுவான 8080 சிப்பின் கால்களை அப்படியே வெளியே இழுத்துவிட்ட மாதிரிதான். ஆரம்ப மெஷின்களில் பேக்பிளேனும் ஒரே துண்டு கிடையாது. நான்கு ஸ்லாட் கொண்ட துண்டு ஒன்று. அடுத்த துண்டு வேண்டுமா? நூறு வயரை நீங்களே சோல்டர் செய்துகொள்ளுங்கள். ஒன்று விட்டுப்போனால் எது என்று தேடிக்கொண்டே இருங்கள்.

பவரையும் சொல்லவேண்டும். சாசிஸ் கொடுப்பது ஒழுங்குபடுத்தாத 8 வோல்ட். ஒவ்வொரு கார்டும் தன் தலையில் ஒரு 7805 ரெகுலேட்டரை வைத்துக்கொண்டு 5 வோல்ட் ஆக்கிக்கொள்ளவேண்டும். கார்டுக்குக் கார்டு சூடு. ஆனால் இதில் ஒரு லாபம் யாரும் எதிர்பார்க்காதது: கார்டு செய்பவர் பவர் சப்ளையின் தரத்தை நம்பி இருக்கவேண்டியதில்லை. ஒரு கராஜில் உட்கார்ந்து கார்டு செய்தாலும் அது எவருடைய பெட்டியிலும் ஓடும்.

இப்போது முக்கியக் கட்டம். கிட்டில் வந்த மெமரி 256 பைட். பேசிக் மொழி ஓட்ட 4 கே வேண்டும். எம்ஐடிஎஸ் விற்ற 4 கே டைனமிக் ரேம் கார்டு சரியாக ஓடவில்லை என்று ஊரெல்லாம் புலம்பல். அந்த ஓட்டையில் புகுந்தார் பாப் மார்ஷ். அவருடைய பிராசசர் டெக்னாலஜி கம்பெனி அதே ஸ்லாட்டுக்கு ஒரு 4 கே ஸ்டேடிக் கார்டு செய்து விற்றது. ஓடியது. எம்ஐடிஎஸ் பேசிக்கைத் தனியாக வாங்கினால் ஏகப்பட்ட விலை, மெமரி கார்டோடு வாங்கினால் சல்லிசு என்று கட்டி வைத்திருந்தது. ஜனங்கள் கார்டை மார்ஷிடம் வாங்கிக்கொண்டு, பேசிக் நாடாவை நண்பர்களிடம் காப்பி எடுத்துக்கொண்டார்கள். அந்த பேசிக்கை எழுதியவர்களில் ஒருவரான பில் கேட்ஸ், காப்பி எடுப்பவர்களைத் திட்டி 1976 பிப்ரவரியில் எழுதிய கோபக் கடிதத்துக்குப் பின்னால் இந்த மெமரி கார்டும் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

ஸ்லாட்டுக்கு வெளியாள் கார்டு செய்தவர்களை ராபர்ட்ஸ் ஒட்டுண்ணிகள் என்று எழுதினார். ஹவர்டு ஃபுல்மர் என்பவர் அதைக் கேட்டுத் தன் கம்பெனிக்கே பாரசிட்டிக் இன்ஜினியரிங் என்று பெயர் வைத்துக்கொண்டார்! வயிற்றெரிச்சலுக்கு இதைவிட நல்ல பதில் நான் பார்த்ததில்லை.

#10 செம்புத்தடம் | செவ்வாய், காலை 10:18

அல்புகர்க்கி அழகாக எழுதிவிட்டார். ஆனால் எஸ்-100 (ஆல்டேரின் அந்த 100 பின் பஸ்ஸுக்குப் பின்னால் வந்த பெயர்) மின்சார ரீதியாக ஒரு அலங்கோலம் என்பதையும் பதிவு செய்யவேண்டும். 8 வோல்ட் முதல் பின், 16 வோல்ட் இரண்டாவது பின், பக்கத்துப் பக்கத்தில். பெட்டி ஆனில் இருக்கும்போது கார்டைக் கொஞ்சம் சாய்த்துப் பிடுங்கினால் 5 வோல்ட் சிப்புகளுக்கு என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள். கடிகாரக் கம்பிகள் மற்ற கன்ட்ரோல் கம்பிகளோடு உரசிக்கொண்டு ஓடுகின்றன. தரைக்கு என்று 100ல் இரண்டே பின். ஸ்லாட் கூடக் கூட சிக்னல் எதிரொலித்துக் கெடும். பேக்பிளேன் முனையில் டெர்மினேட்டர் போட்டு ஒப்பேற்றினார்கள்.

8080 கால்களையே பஸ் ஆக்கியதால் இன்னொரு வினை. இசட்80 என்ற வேறொரு சிபியு சிப் வைத்துக் கார்டு செய்தவர்கள், அந்தச் சிப் தராத 8080 சிக்னல்களைத் தனி லாஜிக் வைத்துப் போலியாக உண்டாக்கவேண்டியிருந்தது. சிபியு மாறினாலும் பஸ் மாறாது என்பதுதானே மாடுலர் என்பதன் அர்த்தம்? யூனிபஸ்ஸைப் பார்த்த கண்ணுக்கு இது எப்படி இருக்கும்!

#11 அல்புகர்க்கி | செவ்வாய், காலை 10:40

மறுக்கவே இல்லை. ஆனால் அந்த அலங்கோலத்தில் ஒரு அதிர்ஷ்டம் இருந்தது. டேட்டா உள்ளே வர 8 கம்பி, வெளியே போக 8 கம்பி என்று தனித்தனியாக விட்டிருந்தார்கள், அதைத் தேவையில்லாத விரயம் என்றே சொல்லலாம். 16 பிட் சிப்புகள் வந்தபோது இரண்டையும் சேர்த்து 16 ஆக்கிக்கொண்டார்கள். பழைய கார்டும் ஓடியது, புதுசும் ஓடியது.

#12 துகள்வண்டி | செவ்வாய், மதியம் 2:25

எல்லாரும் அமெரிக்காவிலேயே சுற்றுகிறீர்கள். ஐரோப்பாவில் இந்தச் சண்டையை 1969லேயே தீர்த்துவிட்டார்கள்.

அணு ஆய்வுக்கூடங்களுக்கு ஒரு தலைவலி: டிடெக்டர் எண்ணி, ஏடிசி (அனலாக் சிக்னலை எண்ணாக்குவது), டைமர் எல்லாம் பல கம்பெனிகளிடம் வாங்குவார்கள், கம்ப்யூட்டரோ அவ்வப்போது மாறும். எசோன் என்ற கமிட்டி உட்கார்ந்து காமாக் தரத்தை எழுதியது. 19 அங்குல ரேக்கில் ஒரு கிரேட், 25 இடம், ஒவ்வொன்றும் 17.2 மில்லிமீட்டர் அகலம், பின்னால் 86 தொடுமுனைக் கனெக்டர். வலது கோடியில் கன்ட்ரோலர். அவர் சொல்வது மூன்றே விஷயம்: எந்த இடம், அதற்குள் எந்த உள்முகவரி, என்ன வேலை. படிக்க 24 கம்பி, எழுத 24 கம்பி, ஒரு சுற்று ஒரு மைக்ரோசெகண்ட். மாட்யூலுக்கு ஏதாவது சொல்லவேண்டுமென்றால் அதற்கென்று தனிக் கம்பி, ஸ்பேனர் அண்ணன் சொன்ன அறுபடும் சங்கிலி எல்லாம் இல்லை. கம்ப்யூட்டர் பிடிபி-11ஆக இருந்தாலும் வேறெதுவாக இருந்தாலும் கன்ட்ரோலரை மட்டும் மாற்றினால் போதும்.

எவர் வேண்டுமானாலும் மாட்யூல் செய்யலாம், ராயல்டி கிடையாது. பிட்டுக்குப்பிட்டு முதலில் கேட்ட சுதந்திரம் இதுதான் இல்லையா? ஆல்டேருக்கு ஆறு வருஷம் முன்னால்.

#13 பிட்டுக்குப்பிட்டு | செவ்வாய், மதியம் 2:50

துகள்வண்டி அடித்தார் பாருங்க! ஆனால் ஒரு காமாக் மாட்யூல் வாங்க ஆய்வுக்கூட பட்ஜெட் வேண்டும். ஆல்டேர் கிட் 439 டாலர். கார்டைச் செய்கிறவன் வாடிக்கையாளனாகவும் இருக்கிற நிலைமை அங்கேதான் வந்தது. அதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன்.

#14 மேனார்டு_மில் | செவ்வாய், மாலை 6:15

எஸ்-100 என்ற பெயர் வந்த கதையை யாரும் சொல்லவில்லையே. எம்ஐடிஎஸ் அதை ஆல்டேர் பஸ் என்றது. போட்டியாளர் பெயரைத் தன் விளம்பரத்தில் யார் போடுவார்? குரோமெம்கோ கம்பெனியின் ஹாரி கார்லண்டும் ரோஜர் மெலனும் 1976 ஆகஸ்டில் அட்லாண்டிக் சிட்டி மாநாட்டுக்கு விமானத்தில் போகும்போது, ஸ்டாண்டர்ட் 100 என்பதைச் சுருக்கி எஸ்-100 என்று வைத்தார்கள். அதே விமானத்தில் பாப் மார்ஷும் லீ ஃபெல்சன்ஸ்டைனும். மெலன் கையில் பியரோடு போய் மார்ஷைச் சம்மதிக்க வைக்கப் பார்க்கிறார். விமானம் குலுங்கியது, பியர் மார்ஷ் மேல். அவர் உடனே சரி என்றுவிட்டார். பியரோடு இந்த ஆள் இடத்தைக் காலி செய்தால் போதும் என்றுதான் ஒத்துக்கொண்டிருப்பார் என்பது மெலனே சொல்லும் விளக்கம்.

அதற்கு முன்பே கலிஃபோர்னியாவில் இம்சாய் 8080 வந்துவிட்டது. அதே பஸ், 22 ஸ்லாட் பேக்பிளேன், தூக்க முடியாத பவர் சப்ளை. ஒரே பஸ்ஸுக்கு இரண்டாவது பெட்டி வந்த அன்றைக்கே எம்ஐடிஎஸ்ஸின் பிடி போயிற்று. 1977ல் ராபர்ட்ஸ் கம்பெனியை பெர்டெக் என்ற இன்னொரு கம்பெனியிடம் விற்றுவிட்டார்.

#15 நிழல்நினைவகம் | புதன், காலை 9:40

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. அப்போ பிளேடு எந்தக் கணக்கில் சேரும்?

#16 செம்புத்தடம் | புதன், காலை 10:30

பிளேடு பேக்பிளேனில் முக்கியமாக ஓடுவது பவரும் நெட்வொர்க்கும்தான். ஒவ்வொரு கார்டும் தனி முழுக் கம்ப்யூட்டர். பஸ் பகிர்வு இல்லை. ஆகவே அது யூனிபஸ்ஸின் பேரன் இல்லை, தூரத்துச் சொந்தம். ஆர்எல்எக்ஸ் 3யு (ரேக்கில் மூன்று அலகு) உயரத்தில் 24 பிளேடு அடைத்தது. சூடு குறைவான டிரான்ஸ்மெட்டா குரூசோ சிப் இருந்ததால்தான் அது முடிந்தது. அந்தப் பிளேடுகள் 240ஐ வைத்து லாஸ் அலமோஸில் வூ-சுன் ஃபெங் கிரீன் டெஸ்டினி என்ற சூப்பர்கம்ப்யூட்டரைக் கட்டினார், 2002ல். ஏசி அறைகூட இல்லாத தூசிக் கிடங்கில் ஓடியது.

சுதந்திரம் என்று பார்த்தால் பின்னடைவுதான். ஒரு கம்பெனி பிளேடு இன்னொரு கம்பெனி சாசிஸில் நுழையாது. ஐபிஎம்மும் இன்டெலும் 2004ல் பிளேடுசென்டரின் விவரங்களைக் கொஞ்சம் திறந்துவிட்டார்கள், ஆனாலும் எஸ்-100 மாதிரி ஒரு சந்தை வரவே இல்லை. உங்கள் டேட்டா சென்டரில் சாசிஸோடு சேர்த்து எல்லாவற்றையும் குப்பையில் போடுவதற்குக் காரணமே அதுதானே.

#17 சிவப்புநீலச்சுவிட்சு | புதன், இரவு 7:55

கொஞ்சம் தடம் மாறுகிறேன், மன்னிக்கவும். இம்சாய் மறுபதிப்பு கிட் ஒன்று கட்டி முடித்திருக்கிறேன், முன்பலகை வேலை செய்கிறது. வெளிநாட்டிலிருந்து ஒரு 64 கே மெமரி கார்டு வரவழைத்திருக்கிறேன், ஐ.இ.இ.இ. 696 தரம் என்று எழுதியிருக்கிறது. இரண்டும் 100 பின்தானே, நேராகச் செருகலாமா?

#18 செம்புத்தடம் | புதன், இரவு 8:20

செருகாதீர்கள்! கார்டை முதலில் மல்டிமீட்டரில் பாருங்கள். எஸ்-100 பஸ்ஸை முறைப்படுத்திய 696 தரம் 1983ல் வந்தபோது, நான் மேலே திட்டிய தரைப் பின் பற்றாக்குறையைச் சரிசெய்ய 20, 53, 70 ஆகிய மூன்று பின்களையும் தரை ஆக்கிவிட்டார்கள். ஆனால் ஆல்டேர், இம்சாய் காலத்தில் அவை சிக்னல் பின்கள். 20ம் 70ம் மெமரிப் பாதுகாப்புக்கு, 53 முன்பலகை சுவிட்சுகளுக்கு. 696 கார்டைப் போட்டால் அந்த மூன்று கம்பியையும் கார்டு தரையோடு கட்டிவிடும், முன்பலகை அதை எதிர்த்து இழுத்துக்கொண்டிருக்கும்.

கார்டில் அந்த மூன்று பின்னும் 50, 100ஓடு தொடர்பில் இருக்கிறதா என்று பீப் வைத்துச் சோதியுங்கள். இருந்தால் சில கார்டுகளில் ஜம்பர் இருக்கும், கழற்றிவிடலாம். இல்லையென்றால் கார்டின் தடத்தை வெட்டவேண்டாம், அந்த மூன்று விரலின் மேல் மட்டும் மெல்லிய கேப்டன் (Kapton) இன்சுலேஷன் டேப் ஒட்டிச் செருகுங்கள். செருகும்போது டேப் சுருண்டு பக்கத்துப் பின்னில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பவர் ஆஃபில்தான், சொல்லவே வேண்டாம்.

#19 ஓய்வுபெற்ற_ஸ்பேனர் | புதன், இரவு 8:41

ஆஃப் செய்த உடனேயும் வேண்டாம் தம்பி. இம்சாய் பவர் சப்ளையில் இருக்கும் கெபாசிட்டர் சைஸைப் பார்த்தீர்களா? ஒன்றாவது பின்னில் மீட்டரை வைத்து வோல்ட் சைபருக்கு வந்தபிறகு கையை உள்ளே விடுங்கள்.